கேக்குதா?

ரிசீவர் அதன் இடத்தில்தான் இருந்தது. அப்படியும் மூன்றாவது விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

ஹாலில் ஸ்டூல் மேல் போன். அதிலிருந்து கிளம்பிய வெள்ளை ஒயர் சுவரோரமாக ஓடி, உள்ளறைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே நுழைந்து, அங்கே ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருந்த நெட் பெட்டியில் முடிந்தது. அந்த ஒயரின் புண்ணியத்தில் கதவை முழுசாகச் சாத்த முடியவில்லை. நாலு விரல் இடைவெளி. அதன் வழியாகத்தான் ஆபரேட்டரம்மா எட்டிப் பார்த்தாள். பச்சையாக மூன்று புள்ளிகள். இரண்டு அசையவில்லை. மூன்றாவது மின்னியது, நின்றது, மின்னியது.

காலையில் வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போன எலக்ட்ரீஷியன் பாடம் நடத்தியிருந்தார். "மொத விளக்கு கரண்டு. ரெண்டாவது நெட். மூணாவது போன். ரிசீவர் வெச்சிருந்தா சும்மா எரியும், யாராவது எடுத்திருந்தா மின்னும். அவ்வளவுதாம்மா. புதுசா பழகறவங்களுக்கு இதுல பயப்பட ஒண்ணுமே இல்ல."

புதுசா பழகுகிறவளாம்! இருபத்தாறு வருடம் பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டு முன்னால் உட்கார்ந்து, பிறப்புக்கும் இறப்புக்கும் லைன் கொடுத்தவள் அவள். தெருவில் எல்லோருக்கும் இன்றைக்கும் அவள் ஆபரேட்டரம்மாதான். குரலைக் கேட்டே காய்ச்சலா குடியா என்று சொல்லிவிடுவாள். தொல்லை பிடித்த ஆட்களைக் கழற்றிவிடவும் ஒரு வித்தை வைத்திருந்தாள். குரலில் ஈரமே இல்லாமல் துடைத்துக்கொண்டு, "கேக்கலை. லைன் சரியில்லை" என்று சொல்லி ஒயரைப் பிடுங்கிவிடுவாள். நிஜமாகவே லைன் கெட்டால் குரல் கரகரத்து, தேய்ந்து, அப்புறம்தான் போகும். வித்தை என்றால் சுத்தமாக அறுபடும். வித்தியாசம் பிடிபடுவதற்குக் காது வேண்டும். மகன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதை நடித்துக் காட்டி அவனை உருண்டு புரண்டு சிரிக்க வைத்திருக்கிறாள்.

அந்த மகன் கடல் தாண்டி இருக்கிறான். தெருவில் பழைய கம்பிகளையெல்லாம் உருவிக்கொண்டு போய்விட்டார்கள் என்பதால், இனி நெட் வழியாகத்தான் பேச்சு என்று அவனே ஏற்பாடு செய்திருந்தான். இன்று சாயங்காலம் சரியாக ஆறு மணிக்குக் கூப்பிடுவான். அவளை அங்கேயே அழைத்துக்கொள்வது பற்றி இன்று முடிவாகப் பேச வேண்டும் என்று எழுதியிருந்தான். இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த அறையைத் திறந்துவிட்டாள். நெட் ஒயர் அந்த ஜன்னல் வழியாகத்தான் வர முடியும் என்று எலக்ட்ரீஷியன் கறாராகச் சொல்லிவிட்டார்.

புருஷன் போனதிலிருந்து எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த அறை. மெத்தையைத் தூக்கிக் கொடுத்தாகிவிட்டது. வெறும் இரும்புக் கட்டில் மட்டும் நின்றது. சாம்பிராணி போட்டும், ஃபினாயில் ஊற்றியும், ஈரத்துணியும் தைலமும் மூத்திரமும் கலந்த அந்தப் பழைய வாடை சுவரை விட்டுப் போக மறுத்தது. வீட்டுக்காரர் சர்வேயர். ஊரையெல்லாம் அளந்தவர், வீட்டுக்குள்ளே பெண்டாட்டியையும் அளந்தே வைத்திருந்தார். அந்தக் காலத்துக் கறுப்பு போனின் டயலில் ஒரு குட்டிப் பூட்டு. சாவி அவர் சட்டைப் பையில். ஊருக்கெல்லாம் லைன் கொடுப்பவள், தன் அம்மா சாகக் கிடந்த அன்றைக்கு அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டே ராத்திரி எட்டு மணிவரை நின்றாள். அவர் வந்து திறந்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. அவள் மறக்கவில்லை. மறக்கிற ஜாதி இல்லை அவள்.

எந்த உத்தரவு போட்டாலும் கடைசியில் ஒரு வால் வைப்பார். "வாசல்ல நிக்காதே, கேக்குதா?" "சத்தமா சிரிக்காதே, கேக்குதா?" பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததில் பேச்சும் போயிற்று. உத்தரவுகளெல்லாம் அழிந்து வால் மட்டும் மிஞ்சியது. தண்ணீருக்கும் கேக்குதா, வலிக்கும் கேக்குதா, கோபத்துக்கும் கேக்குதா. குரல் ஓய்ந்தால் இடது கையால் டம்ளரை எடுத்துக் கட்டில் கம்பியில் தட்டுவார். இரண்டு வருடம் அள்ளிப் போட்டாள், துடைத்தாள், ஊட்டினாள். குறை சொல்ல முடியாது.

அவள் மூன்றாவது விளக்கை விட்டுக் கண்ணை எடுத்தாள். புதுப் பெட்டி, ஏதாவது கோளாறாக இருக்கும். எலக்ட்ரீஷியன் தன் கையெழுத்தில் எழுதி ஸ்டூலில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். *முதலில் சோதனை எண் அடிக்கவும். பீப் வந்ததும் பத்து விநாடி பேசவும். பேசியது திரும்பக் கேட்கும். திரும்பக் கேட்டால் எல்லாம் சரி.*

மணி நாலரை. ஜன்னலில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. அவள் எண்ணை அடித்தாள். பீப்.

"ஹலோ, பேசறது கேக்குதா?"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அவள் குரலே, ஒரு பிசிறு இல்லாமல், அவள் காதுக்குள் வந்தது. *ஹலோ, பேசறது கேக்குதா?* அவளுக்கே பெருமையாக இருந்தது. இந்த வயசிலும் குரல் கெடவில்லை. ரிசீவரை வைக்கப் போனவள் நிறுத்தினாள். தன் குரலுக்குப் பின்னால், ரொம்பப் பின்னால், இன்னொன்று இருந்தது. டிங். டிங். இரும்பில் எவர்சில்வர் படுகிற சத்தம்.

லைனில் வருகிற சத்தம் எது, அறையில் வருகிற சத்தம் எது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்தச் சத்தத்துக்கு நாலு சுவர் இருந்தது. மேலே மெதுவாகச் சுற்றுகிற ஒரு ஃபேன் இருந்தது. மூடிய ஜன்னல் இருந்தது.

எழுந்து போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தாள். கட்டில். பெட்டி. தூசி. டம்ளர் எதுவும் இல்லை. அதை அவளே குப்பையில் போட்டிருந்தாள்.

மறுபடி அடித்தாள். இந்தத் தடவை பீப் வந்த பிறகு வாயைத் திறக்கவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். பத்து விநாடி வீடு முழுக்க நிசப்தம். எங்கோ தெருவில் ஒரு வண்டி திரும்பியது. பிறகு அந்த நிசப்தம் திரும்பி வந்தது. வண்டி திரும்பியது. அதற்கு அடுத்து, நாக்குத் தடித்து, எச்சில் வழிய வழிய, மெதுவாக:

*கேக்குதா?*

ரிசீவர் கையிலிருந்து நழுவி ஸ்டூலில் விழுந்தது. எடுத்து வைத்தாள். சீட்டின் அடியில் எலக்ட்ரீஷியனின் எண் இருந்தது. அதை அடித்தாள்.

"சொல்லுங்கம்மா."

"இந்தப் பெட்டில வேற யார் லைனோ கலக்குதுங்க."

"அது பழைய கம்பிலதாம்மா கலக்கும். இதுல கலக்காது."

"இல்லீங்க, எனக்கு நல்லா..."

"இருங்கம்மா, இருங்க." அவர் குரல் கொஞ்சம் சிரித்தது. "பக்கத்துல பெரியவர் கேக்குதா கேக்குதான்னு எவ்வளவு நேரமா கேட்டுக்கிட்டே இருக்காரு. மொதல்ல அவருக்குப் பதில் சொல்லுங்கம்மா, பாவம்."

வைத்துவிட்டாள்.

மணி ஐந்தரை. வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறி, சுவரிலிருந்து போய்விட்டது. ஒயரைப் பிடுங்கி எறிந்துவிடலாம். பிடுங்கினால் ஆறு மணிக்கு மகன் கூப்பிடுவது வராது. பிடுங்காமல் விட்டால், அவன் காதிலும் இது விழும். அவனிடம் அவள் சொல்லியிருந்தது ஒரே ஒரு பொய்தான். காரியமெல்லாம் முடிந்த அன்று அவன் கேட்டான், "அப்பா கூப்பிடவே இல்லையாம்மா?" "கண்ணசந்துட்டேன் தம்பி. கேக்கலை." அவன் அவளை ஒரு நிமிடம் கூடுதலாகப் பார்த்தான். பிறகு அவள் மடியில் தலை வைத்து அழுதான்.

அவர் செத்த அன்றைக்கு அவள் தூங்கவில்லை. விடிந்ததிலிருந்து பதினோரு தடவை அந்த அறைக்குப் போய் வந்திருந்தாள். நாலு மணிக்குப் பன்னிரண்டாவது முறையாகக் கூப்பிட்டார். அவள் வாசலில் போய் நின்றாள். அவர் கண் அவளைப் பார்த்தது. உத்தரவு போடும் அதே கண். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, துடைத்து வைத்த அந்தக் குரல் தானாக வந்தது. "கேக்கலை. லைன் சரியில்லை." கதவைச் சாத்தி வெளியே தாழ் போட்டாள். ஹாலில் உட்கார்ந்து துணி மடித்தாள். டம்ளர் தட்டிக்கொண்டே இருந்தது. ஆறு மணிக்கு நின்றது. அப்போது அவளுக்கு வருத்தம் வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. எட்டு மணிக்குத்தான் கதவைத் திறந்தாள்.

ஆறு அடித்தது. போனும் அடித்தது.

"ம்மா! கேக்குதா?"

தூக்கிவாரிப் போட்டது. எல்லோரும் முதலில் இதைத்தானே கேட்கிறார்கள். "கேக்குது தம்பி, நல்லா கேக்குது. நீ பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியே இருக்கு..." அவள் நிறுத்தவில்லை. பெரிய குரல் சின்னக் குரலை முழுங்கிவிடும் என்பது போர்டில் கற்ற பாடம். எலக்ட்ரீஷியன் சுவரில் ஓட்டை போட்ட கதை, மாடியில் ஒழுகுகிற கதை, கடைவாய்ப் பல் ஆடுகிற கதை, கீழ் வீட்டுக்காரி குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் போன கதை என்று மூச்சு விடாமல் பேசினாள். கதவிடுக்கில் மூன்றாவது விளக்கு மின்னியது. அவள் இன்னும் சத்தமாகப் பேசினாள். மூச்சு முடிந்தது.

"ம்மா. டீவி ஓடுதா?"

"ஆமாம்ப்பா. டீவிதான்."

"இல்ல. இரு, பேசாத." அவன் கேட்டான். அவளும் கேட்டாள். "ம்மா... அது அப்பா."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"டம்ளர் தட்டறதுகூட கேக்குது." அவன் குரல் சின்னப் பிள்ளையுடையதாகி, உடனே பெரியவனுடையதானது. "இவ்வளவு தூரத்துல எனக்குக் கேக்குது. அன்னிக்கு நீ அங்கதானே இருந்த? உனக்கு எப்படிம்மா கேக்காம போச்சு?"

சொல்ல எத்தனையோ இருந்தது. பூட்டு போட்ட டயலைப் பற்றிச் சொல்லலாம். அவள் சொன்னது வேறு. "பதினோரு தடவை போனேன் தம்பி. பன்னண்டாவது தடவை முடியலை."

கடலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். ஈரமில்லாமல் துடைத்த குரல்.

"கேக்கலைம்மா. லைன் சரியில்லை."

கரகரக்கவில்லை. தேயவில்லை. சுத்தமாக அறுபட்டது.

அவள் சிரித்துவிட்டாள். எவ்வளவு அழகாகக் கற்றிருக்கிறான்! சிரிப்பு வாயின் ஒரு பக்கத்தில்தான் வந்தது. மறுபக்கம் வரவில்லை. மகனின் எண்ணை அடிக்கக் கையை நீட்டினாள். வலது கை மடியிலேயே கிடந்தது. அது யாருடைய கையோ.

எழுந்தாள். கால் இல்லை. ஸ்டூலும் போனும் அவளும் சேர்ந்து விழுந்தார்கள். கன்னத்தில் தரை சில்லென்று பட்டது. ரிசீவர் ஒரு முழத்துக்கு அப்பால் கிடந்தது. போனிலிருந்து ஒயர் கழன்றிருந்தது. கீழ் வீட்டில் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. கீழ் வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வந்துவிடுவாள். வாயைத் திறந்தாள்.

"கேக்குதா?"

அதைச் சொல்ல வரவில்லை அவள். காப்பாத்துங்க என்று சொல்ல வந்தாள். மறுபடி முயன்றாள். தம்பி என்று.

"கேக்குதா?"

இருட்டிவிட்டது. தைல வாடை. ஈரத்துணி வாடை. கதவிடுக்கில் மூன்று பச்சைப் புள்ளிகள். மூன்றும் அசையவில்லை.

உள்ளேயிருந்து பீப் ஒலித்தது.

போனில் இல்லை. அறையில்.

"கேக்குதா?" என்றாள். இடது கை தரையைத் தட்டியது. மோதிரம் சிமெண்டில் பட்டது. டிங். டிங்.

பத்து விநாடி.

கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. நாக்குத் தடித்த குரல் இல்லை. பிசிறில்லாத குரல். இருபத்தாறு வருடம் போர்டில் உட்கார்ந்த குரல்.

"கேக்கலை. லைன் சரியில்லை."

வெள்ளை ஒயர் தரையில் அசைந்தது. அவள் முகத்துக்கு நேராக, சுவரோரமாக, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிற்று. அதன் நுனி நிலையைத் தாண்டியது. நாலு விரல் இடைவெளி மூன்றாயிற்று. இரண்டாயிற்று. கதவு மெதுவாக, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பது மாதிரி, சாத்திக்கொண்டது.

அதற்கு அப்புறம், அன்றைக்கு அவள் போட்ட அதே தாழ் விழுகிற சத்தம், அவள் கிடந்த பக்கத்தில்.