மருமகள் விட்டுக்கொடுத்த நாடு

"ஏஞ்சாமி, நாலு பேரு இருக்கற ஊட்டுக்கு மூணு பூத் சீட்டுத்தான் குடுத்திருக்கறாங்க! உன்ற பேரையே காணமே! இரு, சீட்டுக் குடுத்த அந்த அங்கன்வாடி டீச்சரை நாலு வார்த்த கேட்டுப்போட்டு வாரேன்!"

சலவை வேட்டி கட்டி, கையில் பூத் சீட்டுகளோடு தங்கசாமி வாசலுக்கே போய்விட்டார். ஓட்டுப்போடும் நாள் வந்துவிட்டால் அவருக்கு ஊர் நோம்பி, திருவிழா வந்த மாதிரி. ஜேடர்பாளையம் பள்ளிக்கூடத்தில் அவருக்கு முன்னால் வேறு யாரும் வரிசையில் நின்றுவிடக் கூடாது.

மாமியார் ஆத்தாயிக்கு ராகிக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த மூத்த மருமகள் மைதிலியின் கை அப்படியே நின்றது. மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்த நாளிலிருந்து மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாமல் விழுங்கி வந்த விஷயம் தொண்டைக்கு வந்துவிட்டது. தனக்காக அந்த டீச்சர் எதற்குத் திட்டு வாங்க வேண்டும்?

"போகாதீங்க மாமா... அவங்க மேல தப்பில்லீங்க. எனக்கு ஓட்டே கெடையாதுங்க."

"ஏன் கெடையாது?"

"நான் கனடாவுல குடியுரிமை வாங்கிட்டேனுங்க. நாமளா விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமைய வாங்குனா, இங்க இருக்கறது அன்னிக்கே போயிருமுங்க..."

தங்கசாமி திரும்பி வந்தார். முகம் கறுத்துப் போயிருந்தது.

பதினைந்து வருடங்களுக்கு முன்பு மூத்த மகன் குணசீலன் குடும்பத்தோடு கனடாவுக்குக் கிளம்பியபோது, ஊரே கேட்க அவர் சொன்ன வார்த்தை ஒன்று உண்டு. 'பொழைக்கப் போ, வேண்டாங்கல. ஆனா அந்த நாட்டுக்காரனா மட்டும் ஆயிராத. ஆனீன்னா எனக்குக் கொள்ளி வெக்க வராத!' குணசீலன் அந்த வார்த்தைக்குப் பயந்து இன்றுவரை இந்தியப் பாஸ்போர்ட்டைத்தான் வைத்திருக்கிறான். மனைவி மட்டும் மாறிவிட்டாளா!

"என்ற மகனுக்கில்லாத ஆசை உனக்கெதுக்கு வந்துச்சு? பொறந்த நாட்ட வேண்டாம்னு எழுதிக் குடுத்தவ, என்ற ஊட்டு அடுப்படியில எதுக்கு நிக்கற?"

"மாமா..."

"அப்பிடிக் கூப்புடாத! நீ யாரோ, நாங்க யாரோ! உன்ற நாட்டுக்கே போயிரு!"

கட்டிலில் கிடந்த ஆத்தாயி ஏதோ சொல்லத் துடித்தாள். வாதம் வந்து வலது பக்கம் விழுந்ததிலிருந்து அவள் நாக்கு அவசரத்துக்குப் புரளாது. கொழுந்தன் சின்னராஜ், "ஏனுங்கப்பா, அண்ணியத்தான் கொஞ்சம் பேச உடுங்களேன்" என்றான். அவர் காதில் ஏறவில்லை. "போடுடா உங்கொண்ணனுக்குப் போனு! அவனுக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சான்னு கேக்கறேன்!"

கனடாவில் அப்போது ராத்திரிச் சாப்பாட்டு நேரம். திரையில் குணசீலன் தெரிந்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு வேர்த்துவிட்டது.

"அது... அவளாத்தானுங்கப்பா வாங்கிக்கிட்டா. நான் என்னத்தச் சொல்றது..."

மாமனார் பேசியதைக்கூட மைதிலி தாங்கிக்கொண்டாள். கட்டினவன் வாயிலிருந்தா இந்த வார்த்தை! கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, பொய் சொல்லாதீங்க!"

திரையில் இன்னொரு முகம் வந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் கனிஷ்கா.

"தாத்தா, நான் சொல்றேன் கேளுங்க. ஆத்தாவுக்கு வாதம் வந்தப்ப யாராச்சும் ஊருக்கு வரணும்னு பேச்சு வந்துச்சு. அப்பாவால வேலைய விட முடியலை. அம்மா தன் வேலைய விட்டாங்க. ஆனா குடியுரிமை இல்லாதவங்க வருசக்கணக்கா கனடாவுக்கு வெளிய தங்குனா, இங்க இருக்கற உரிமை போயிரும். அப்பறம் என்னைப் பார்க்க வரக்கூட விசா கேட்டு நிக்கணும். குடியுரிமை இருந்தா, இந்தியாவுல தங்கறதுக்கு ஒரு அட்டைய வாங்கிக்கிட்டு எத்தனை வருசம் வேணும்னாலும் ஆத்தாகூட இருக்கலாம். அதுக்காகத்தான் வாங்குனாங்க! வாங்கச் சொன்னதே அப்பாதான். உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனதும் அப்பாதான். உறுதிமொழி எடுத்த அன்னிக்கு எல்லாரும் சிரிச்சுக்கிட்டுப் போட்டோ எடுத்தாங்க... எங்கம்மா மட்டும் பாத்ரூம்ல போயி அழுதாங்க, தாத்தா!"

குணசீலன் தலை தொங்கிப் போயிருந்தது.

"நீங்க திட்டுவீங்கன்னு பயந்துட்டேனுங்கப்பா..."

"உங்கம்மாவப் பாக்கறதுக்கு, உன்ற நாட்டப் பத்தரமா வெச்சுக்கிட்டு அவளோடத உட வெச்சியாடா? அதையும் அவ தலையிலயே கட்டுனயே... நீயெல்லாம் ஆம்பளையா!"

"மைதிலி... என்னைய மன்னிச்சுரு..."

"அப்பறம் பேசலாங்க" என்றாள் மைதிலி. அதற்கு மேல் அவனிடம் பேச அவளிடம் ஒன்றும் இல்லை.

ஆத்தாயி இடது கையை நீட்டி அவளைத் தன் பக்கம் இழுத்தாள். "எஞ்... சாமீ..." என்று குழறிய குரலைக் கேட்டதும் மைதிலி உடைந்துபோனாள். மாமியாரின் மார்பில் முகம் புதைத்து, மூன்று வருட அழுகையையும் அழுது தீர்த்தாள்.

தங்கசாமி கட்டிலருகே வந்து நின்றார்.

"திரும்ப வாங்க முடியாதா, கண்ணு?"

"லேசுல முடியாதுங்க மாமா. கேக்கறதுன்னா அந்த நாட்ட உடோணும். உட்டா, நெனச்சப்பப் போயி கனிஷ்காவப் பார்க்க முடியாதுங்க..."

"அப்ப எந்தப் பக்கம் போனாலும் உனக்குத்தான் நட்டமா!" தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தக் கெழவன் வாயில வந்ததெல்லாம் பேசிப்போட்டேன். மனசுல வெச்சுக்காத, சாமி. எந்திரி. உங்கத்தைய ஓட்டுப்போடக் கூட்டிட்டுப் போலாம். சக்கர வண்டிய நீதான் தள்ளோணும்."

பள்ளிக்கூட வாசலில் வெயில் ஏறியிருந்தது. தங்கசாமி இந்தமுறை முதல் ஆள் இல்லை. வரிசை வேப்பமரம் வரைக்கும் நீண்டிருந்தது. சக்கர நாற்காலியைத் தள்ளிவந்த மைதிலி கதவோரமாக ஒதுங்கினாள். சின்னராஜ் அம்மாவை உள்ளே கூட்டிப்போகக் கைப்பிடியை வாங்கிக்கொண்டான்.

வரிசையில் நின்ற பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, மருமவ மட்டும் ஏன் வெளிய நிக்கறா? ஓட்டில்லீங்களா?"

மைதிலி தலையைக் குனிந்துகொண்டாள். எது நடக்கக்கூடாது என்று இத்தனை நாள் பயந்தாளோ, அது ஊர் நடுவே நடந்துவிட்டது.

தங்கசாமி வரிசையை விட்டு வெளியே வந்தார். மரத்தடியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்:

"இல்லீங்க. என்ற பொண்டாட்டிக்கு மலம் மூத்திரம் அள்ளறதுக்காவ, என்ற மருமவ அவ நாட்டையே உட்டுப்போட்டு வந்திருக்கறா. இனி யாராச்சும் அவள அந்நிய நாட்டுக்காரின்னு சொன்னா, எங்கிட்டச் சொல்லுங்க!"

தங்கசாமி மருமகளின் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டு, போய் வரிசையின் கடைசியில் நின்றார்.

மைதிலி வாசலிலேயே நின்றாள். உள்ளே போக முடியாது என்ற வலி அப்படியேதான் இருந்தது. ஆனாலும் குனிந்த தலையை நிமிர்த்தி, மாமியார் ஓட்டுப்போட்டுவிட்டு வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.