உறுமாத இசைத்தட்டு

1985 மே மாதம். ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.50.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடு ஒன்றின் பின்னறையில் சண்முகரத்தினம் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் ஒரு ஸ்டூல் கவிழ்ந்திருந்தது. இரும்பு அலமாரியின் கீழ் மூலையில் ரத்தம். ஜன்னலோர மேசையில் இசைத்தட்டு ஒன்று சுழன்றுகொண்டே இருந்தது. முள் அதன் கடைசிக் கோட்டில் நின்று ஆடியது.

இன்ஸ்பெக்டர் ரமணி 5.35க்கு வந்து சேர்ந்தாள். இறந்தவரை அவளுக்குத் தெரியும். அவளுடைய அப்பாவோடு ரயில்வே கணக்குப் பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்தவர். நேற்றுக் காலைதான் போன் செய்திருந்தார்.

"பிள்ளை, உன்னோட ஒரு விசயம் கதைக்கோணும். போனில ஏலாது."

கோர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள், "திங்கட்கிழமை ஆபீசுக்கு வாங்க அங்கிள்" என்றாள். "திங்களோ... சரி பிள்ளை" என்று போனை வைத்துவிட்டார்.

இப்போது அவர் அருகில் முட்டி போட்டு உட்கார்ந்தபோது அந்தத் திங்கள் அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

உடலை முதலில் பார்த்தவர்கள் இரண்டு பேர். பக்கத்து வீட்டில் தையல் தைக்கும் புஷ்பவல்லி ஒருத்தி. மற்றவர் கிள்ளானில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற விநாயகமூர்த்தி. எல்லோருக்கும் அவர் மாஸ்டர். சண்முகரத்தினத்துக்கு முப்பது வருட நண்பர், இசைத்தட்டுப் பைத்தியத்தில் கூட்டாளி.

ரமணி புஷ்பவல்லியை முதலில் கூப்பிட்டாள்.

"மாஸ்டர் உங்க வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தாரு?"

"சரியா நாலு மணி மேடம். ரேடியோவில நியூஸ் ஆரம்பிச்சிச்சு. அவர் சம்சாரத்தோட ரவிக்கைக்கு ஹூக்கு மாத்தணும், இருந்து வாங்கிட்டுப் போறேன்னாரு."

"பாட்டு?"

"நாலே கால் இருக்கும். நாதஸ்வரம். செவுத்துக்கு அந்தப் பக்கம் கணீர்னு கேட்டுச்சு. 'பாரும்மா, ரத்தினம் ஆரம்பிச்சிட்டான்'னு மாஸ்டர் சிரிச்சாருலா. இருபது நிமிஷம் ஓடிச்சு. அப்புறம் நின்னுச்சு."

"அப்புறம்?"

"ஹூக்கு தச்சு முடிச்சேன். அங்கிள் சட்டை ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு, குடுக்கலாம்னு நானும் மாஸ்டரோட வந்தேன். கதவு சும்மாதான் சாத்தியிருந்துச்சு. பார்த்தா..." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மாஸ்டர்தான் ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுன்னு கத்தினாரு. போன் முன்ஹால்ல இருக்கு. ஓடினேன்."

"எவ்வளவு நேரம் ஹால்ல இருந்தீங்க?"

"மூணு நிமிஷம் இருக்கும். லைன் கிடைக்கல."

விநாயகமூர்த்தியின் கண்கள் சிவந்திருந்தன. வெள்ளை ஜிப்பாவில் ஒரு கறை இல்லை.

"ரத்தினம் அங்கிளைக் கடைசியா எப்ப பார்த்தீங்க, மாஸ்டர்?"

"மூணு வாரம் இருக்கும்."

"இன்னிக்கு?"

"கிள்ளான்ல இருந்து நேரா இந்தப் பொண்ணு வீட்டுக்குத்தான் வந்தேன். ரவிக்கையை வாங்கிட்டு அவனோட உட்கார்ந்து ரெண்டு ரெக்கார்டு கேக்கலாம்னு இருந்தேன். மேல் தட்டுல இருந்து அடுத்த ரெக்கார்டை எடுக்க ஏறியிருப்பான், பாவி."

டாக்டர் வந்தார். மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவில் உயிர் போயிருக்கும், அதைவிட நெருக்கிச் சொல்ல முடியாது என்றார். காயம் அலமாரி மூலைக்குப் பொருந்தியது. நாலரைக்குப் பிறகு தட்டு முடிந்து, கிழவர் ஸ்டூலில் ஏறி விழுந்திருக்கிறார். எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது.

ரமணிக்கு மட்டும் போதவில்லை. சண்முகரத்தினத்தின் மூக்குக் கண்ணாடி மடித்தபடி சட்டைப் பையில் இருந்தது. அது இல்லாமல் அவரால் நாளிதழின் தலைப்பைக் கூடப் படிக்க முடியாது. இசைத்தட்டு உறையின் முதுகில் இருக்கும் பொடி எழுத்தை எப்படிப் படித்து எடுக்கப் போனார்?

மேசையை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். ஆம்ப்ளிஃபையரில் விளக்கு எரிந்தது. எதிலிருந்து பாட்டு வர வேண்டும் என்று தேர்வு செய்யும் அதன் குமிழ், இசைத்தட்டுக்கான 'போனோ' என்ற எழுத்துக்கு நேராக நின்றது. பக்கத்தில் காலியாக ஒரு கேசட் டெக். ஆம்ப்ளிஃபையரின் முதுகுப் பக்கம் சோப்புப் பெட்டி அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. எதையும் தொடக் கூடாது என்று சொல்லி அறையைப் பூட்டி சாவியை எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை, காலை 9.15.

வாசலில் ஒரு ஹோண்டா கப் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பச்சை வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவன் இறங்கினான். மெயின் ரோட்டில் ஸ்டீரியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் கன்னையா. போலீஸைப் பார்த்ததும் தயங்கினான்.

"அங்கிள் இல்லீங்களா மேடம்? எர்த் வயர் போட வந்தேன்."

ரமணி விஷயத்தைச் சொன்னாள். அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"சனிக்கிழமை மத்தியானம்தானே வந்து மாட்டிட்டுப் போனேன்..."

"எதை மாட்டினீங்க?"

"பிரீ-ஆம்ப் மேடம். ரெக்கார்டு முள்ளுல இருந்து வர்ற சத்தம் ரொம்ப பொடிசு. தட்டு அச்சடிக்கும்போதே கனத்த சத்தத்தை அமுக்கி, மெல்லிசான சத்தத்தை ஏத்தி வச்சிருப்பாங்க. அதைத் திரும்ப நேராக்கிப் பெரிசு பண்ணித்தான் ஆம்ப்ளிஃபையருக்குக் குடுக்கணும். அங்கிளோட ஆம்ப்ளிஃபையர்ல அந்த வேலையைப் பண்ற உள்பக்கம் போன வாரம் எரிஞ்சு போச்சு. பார்ட்ஸ் கிடைக்கல. அதான் தனியா ஒரு பெட்டி வாங்கி வச்சோம்."

"சாம்பல் கலர்ல, பின்னாடி?"

"அதேதான். பிளேயரை அந்தப் பெட்டியில சொருகி, பெட்டியை ஆம்ப்ளிஃபையரோட ஆக்ஸ்ல, வெளிப்பெட்டி மாட்டுற ஓட்டையில சொருகினேன். எர்த் வயர் மட்டும் எட்டல. எர்த் இல்லேன்னா பாட்டோட உம்ம்னு ஒரு உறுமல் வரும். திங்கக்கிழமை நீள வயர் கொண்டாறேன்னு சொன்னேன். பரவாயில்ல தம்பி, ரெண்டு நாள் பொறுத்துக்கிறேன்னாரு."

ரமணி சாவியை எடுத்தாள். அவனைப் பின்னறைக்குக் கூட்டிப் போனாள். பெட்டியின் பின்னால் எர்த் திருகு வெறுமையாக இருந்தது.

"குமிழைப் பாருங்க, கன்னையா."

அவன் குனிந்தான். நெற்றி சுருங்கியது. "போனோவிலயா? அதுல ஒண்ணுமே சொருகலையே. அங்கிளுக்கு நல்லாத் தெரியும். நானே ஆக்ஸ்ல திருப்பி வச்சு, இனிமே இதுதான்னு காட்டிக் குடுத்தேன்."

காலை 11.00.

புஷ்பவல்லியும் விநாயகமூர்த்தியும் பின்னறையில் நின்றார்கள். கதவருகே ஒரு கான்ஸ்டபிள். கன்னையா சுவரோடு ஒட்டி நின்றான்.

"மாஸ்டர்," என்றாள் ரமணி, "அந்த நாதஸ்வர ரெக்கார்டு தட்டுலயே இருக்கு. இந்த மெஷினைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் போட்டுக் காட்ட முடியுமா?"

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு பழகிய கைகளால் தட்டைச் சுழலவிட்டார். குமிழைச் சரிபார்த்தார். போனோவில்தான் இருந்தது. முள்ளை மெதுவாக இறக்கினார்.

அறையில் சத்தமே இல்லை.

ஒலியைக் கூட்டினார். இன்னும் கூட்டினார்.

"வராது," என்றாள் ரமணி. ஒலியைக் குறைத்து, குமிழை ஆக்ஸுக்குத் திருப்பினாள். நாதஸ்வரம் எழுந்தது. அதன் அடியில் உம்ம்ம் என்று கனத்த உறுமலும் எழுந்தது.

புஷ்பவல்லி காதைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, சனிக்கிழமை சாயங்காலம் இப்படித்தான் கேட்டுச்சு! ஆனா நேத்து இந்த உறுமலே இல்லையே மேடம்."

"இருக்காது. நேத்து நீங்க கேட்டது இந்தத் தட்டு இல்ல. கேசட்." ரமணி விநாயகமூர்த்தியை நோக்கித் திரும்பினாள். "பிரீ-ஆம்ப் வந்தது தெரிஞ்ச யாரும் குமிழைப் போனோவில வைக்க மாட்டாங்க. மூணு வாரமா இந்த அறைப் பக்கம் வராத, ஆனா இந்த செட்டை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர்தான் வைப்பாரு. பின்சந்து வழியா மூணரைக்கு வந்தீங்க. அவரை அந்த அலமாரி மூலையில தள்ளி முடிச்சிட்டு, ஸ்டூலைக் கவுத்து, தட்டைச் சுழலவிட்டு, கேசட்டைப் போட்டு, குமிழை டேப்புக்குத் திருப்பினீங்க. கேசட்டோட முன்பாகம் வெறுமை. அதனாலதான் பாட்டு நாலே காலுக்கு ஆரம்பிச்சிச்சு, நீங்க பக்கத்து வீட்டுல உட்கார்ந்திருக்கும்போது. புஷ்பவல்லி போனுக்கு ஓடின மூணு நிமிஷத்துல கேசட்டை எடுத்துட்டு, முப்பது வருஷப் பழக்கத்துல குமிழை போனோவுக்குத் திருப்பிட்டீங்க. அந்த அறையில தனியா இருந்தது நீங்க ஒருத்தர்தான்."

"பாட்டு முடிஞ்சதும் ரத்தினமே திருப்பியிருக்கலாம்."

"திருப்பியிருக்கலாம். அந்த உறுமலை எப்படி நிப்பாட்டினாரு மாஸ்டர்? எர்த் வயர் இப்பதான் வந்திருக்கு."

வெளியே நின்ற மாஸ்டரின் நீல டாட்சன் காரை கான்ஸ்டபிள் சோதித்தான். கேசட் டாஷ்போர்டுக்குள்ளேயே இருந்தது. நல்ல பதிவைத் தூக்கியெறிய அவருக்கு மனம் வரவில்லை போலும். காரின் முன்விளக்குகளில் ஒன்று மட்டும் புதிதாக மின்னியது.

அதைப் பார்த்தபடியே அவர் பேசினார்.

"மார்ச்ல, சுங்கை வே ரோட்டுல. நல்ல மழை. ஒரு சின்னப் பிள்ளை காருக்குக் குறுக்கே ஓடி வந்திட்டுது. ரத்தினம் பக்கத்துல இருந்தான். இடிச்சதும் நிப்பாட்டு நிப்பாட்டு எண்டு கத்தினான். நான் நிப்பாட்டல. நாப்பது வருஷம் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக் குடுத்தவன் நான். சனிக்கிழமை போன் பண்ணினான். திங்கக்கிழமை ரமணியிட்ட போறேன், நீயும் வா எண்டான்."

திங்கட்கிழமை. அவள் கொடுத்த நாள். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துக் கொடுத்திருந்தாள்.

மாலை 6.30க்கு ரமணி தனியாகச் சுங்கை வே போனாள். தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து பேருந்துகள் கிளம்பிக்கொண்டிருந்தன. இறந்த பிள்ளையின் தாய் இராஜம்மா வேலை உடுப்போடு பலகை வீட்டின் வாசலில் நின்று, எல்லாவற்றையும் அசையாமல் கேட்டாள். மகளுக்கு வயது ஏழு. ரோட்டோரம் ஒரு மணி நேரம் கிடந்த பிறகுதான் யாரோ ஒரு லோரிக்காரர் பார்த்துத் தூக்கினார்.

"கார்ல ரெண்டு பேர் இருந்தாங்களா?" என்று இராஜம்மா கேட்டாள்.

"ஆமாக்கா. ஒருத்தர் நிப்பாட்டச் சொன்னாரு."

இராஜம்மா வெகு நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் போன பிறகாச்சும் அவரு ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா," என்றாள். "எம்புள்ளைக்கு அப்ப உயிர் இருந்துச்சு."

இருட்டும் வரை ரமணி அந்தத் தாயோடு வாசலிலேயே நின்றிருந்தாள்.