மூன்றாவது கொப்பு

கல்லின் மேல் இலையோடு முறித்த மூன்று கொப்புகள் கிடந்தன. வந்தவர்களோ இருவர்.

"ரெண்டு வச்சிட்டீங்களே, ஏங்க?" என்று பிரேமிளா கணவரைக் கேட்டாள்.

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு நம்ம நிரோஷினிக்கு. அவதானே இந்தத் தோட்டத்தைப் பார்க்கணும்னு துடிக்கிறா?" சண்முகநாதன் கைகளைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "பயப்படாத. முனிக்கு மெல்பேர்ன் வரைக்கும் கணக்குத் தெரியாது."

மடுல்கெல்லப் பக்கத்து மலைகளில் மேலே செல்பவர் ஆளுக்கொரு கொப்பை முறித்து முனியின் கல்லில் வைப்பர். அது முதல் அவர் முனியின் காவலில் இருப்பவர். திரும்பும்போது தம் கொப்பைத் தாமே எடுத்தெறிந்த பின்னரே அவர் விடுபடுவார். ஒருவருடையதை மற்றவர் தொடலாகாது. ஆகவே, வராத ஒருவருக்காக எவரும் கொப்பு வைப்பதில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த பிரேமிளாவுக்கு இது தெரியும். கண்டி நகரத்திலேயே வளர்ந்து, அங்கேயே ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற கணவருக்குத் தெரியாது. எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள், எடுக்கவும் கூடாதே என்று நின்றுவிட்டாள்.

அடுத்த வாரம் அவர்கள் நாட்டைவிட்டே போகிறார்கள். மெல்பேர்னில் இருக்கும் மகள் நிரோஷினி ஆறு மாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்கு முன் தாய் அருகில் இருக்க வேண்டும். மகள் தன் வீட்டின் பின்புறம் ஒரு பூந்தோட்டம் அமைத்துக்கொண்டிருந்தாள். "மலையில இருக்கிற நல்ல தோட்டமெல்லாம் பார்த்துப் படம் அனுப்புங்கம்மா, அதே மாதிரி வைப்பேன்" என்று கேட்டிருந்தாள். அவளுக்காகப் பார்த்து வந்த தோட்டங்களுள் இதுவே கடைசி: வெள்ளைக்காரத் துரை ஒருவர் பங்களாவைச் சுற்றி வளர்த்தது.

அழகில் குறை சொல்ல முடியாது. படிப்படியாக இறங்கிய பாத்திகளில் நீல ஹைட்ரேஞ்சியாக்கள் தலை கனத்துச் சாய்ந்திருந்தன. யூக்கலிப்டஸ் இலைகளின் காரவாசனையும் ஈரமண்ணின் வாடையும் கலந்து மூக்கில் ஏறின. பிற்பகல் வெயிலை மெல்ல மெல்ல விழுங்கிக்கொண்டு பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி, யாரோ போர்வையை இழுத்துவிடுவதுபோல், பாத்தி பாத்தியாக மேலே வந்தது. சரளைக்கற்களில் அவர் செருப்பு நொறுநொறுத்தது; அவளுடையதும் நொறுநொறுத்தது. அவற்றின் பின்னே, மெத்தென்று, வெறுங்கால் பதியும் ஓசை ஒன்று.

அவள் நின்றாள். அவரும் நின்றார். அந்த ஓசை மட்டும் ஓரடி தாமதித்து நின்றது.

பனியில் எவரும் இல்லை.

படங்களை அனுப்பினாள். சற்று நேரத்தில் மகளின் குரற்பதிவு வந்தது. "அம்மா, சூப்பரா இருக்கு. ஆனா ஒண்ணு தெரியுமா? இங்க மழை பெஞ்சு எத்தனையோ நாளாச்சு. என் தோட்டம் பூரா இப்ப ஈரமண் வாசம். நம்ம ஊர்ப் பனி மாதிரி ஏதோ வேலி ஓரமா நிக்குது. காலெல்லாம் ஜில்லுனு இருக்கும்மா."

"வயித்துப்புள்ளக்காரி. எதாவது தோணும்," என்றார் சண்முகநாதன்.

பங்களாவின் பின்கட்டில் தேநீர் தருவதாகப் பலகை இருந்தது. அங்கு வேலைசெய்யும் மரியகொறற்றி தட்டில் மூன்று கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நாங்க ரெண்டு பேருதாம்மா," என்றார் அவர்.

"பின்னால வந்த புள்ள? கொழாயடியில நின்னுச்சே ஐயா. மாசமா இருக்கு போல. பாவம், இந்தக் குளிர்ல செருப்புக்கூட இல்லாம. இப்படியா நடக்க விடுறது?"

பிரேமிளா எழுந்த வேகத்தில் உட்கார்ந்திருந்த கதிரை சாய்ந்தது. குழாயடிக்கு ஓடினாள். குழாய் திறந்தபடி ஒழுகிக்கொண்டிருந்தது. சேற்றில் இரண்டு பாதச்சுவடுகள். இடது காலின் சின்னவிரல் பெருவிரல் பக்கம் மடிந்திருந்தது. மகளைக் குழந்தையில் குளிப்பாட்டும்போதெல்லாம் அவள் நீவி நீவிப் பார்த்தும் நிமிராத விரல்.

கைப்பேசி அதிர்ந்தது. மருமகன் தினேஸ்.

"அத்தை, நிரோ உங்களோட பேசுனாளா?"

"ஏன்? ஏன் தம்பி?"

"தோட்டத்துல தண்ணிய மூடிட்டு வர்றேன்னு போனா. ஆளைக் காணோம். செருப்பு ரெண்டும் பாத்தி ஓரமா கிடக்கு. கேட் உள்ளுக்குப் பூட்டுப்போட்டபடிதான் இருக்கு. அத்தை... மண்ணு தோண்டினாப்ல இருக்கு அத்தை."

அவள் ஓடினாள். பனி வாயை அடைத்தது. பின்னால் அவர் பெயர் சொல்லி அழைத்தபடி வந்தார். சரளை. படிகள். மீண்டும் சரளை. முன்னே, பனிக்குள், மெத்தென்று வெறுங்கால் ஓசை. அவளைவிட விரைவாக, கீழ்நோக்கி.

"நிரோ! நில்லு! கொப்பை எடுக்காத!"

முனியின் கல்.

இரண்டு கொப்புகள். மகளுக்காக வைத்ததை எடுத்தெறிந்து, வந்தது விடுபட்டுவிட்டது.

சண்முகநாதன் குனிந்து கல்லைச் சுற்றித் தடவினார். புல்லை விலக்கினார். "காத்து அடிச்சிருக்கும்," என்றார். ஓர் இலைகூட அசையவில்லை. "காத்துதான். காத்து..." அவர் அங்கேயே முழந்தாளிட்டார்.

பிரேமிளா கீழே பார்த்தாள். தெருவோரம் அவர்களது கார். பூட்டிவிட்டு வந்த கார். பின்கதவு திறந்திருந்தது.

உள்ளே யாரோ.

அவள் இறங்கினாள். போகாதிருக்க அவளால் முடியவில்லை, பெற்றவள்.

பின்னிருக்கையில் நிரோஷினி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஈரக்கூந்தல் கன்னத்தில் ஒட்டியிருந்தது. இரு கைகளும் வயிற்றை ஏந்தியிருந்தன. தாயைக் கண்டதும் புன்னகைத்தாள். இதழ்கள் விரிய விரிய உள்ளே கருமண், பல்வரிசை வரை, திணித்து அழுத்தியதுபோல்.

"ஏறுங்கம்மா," என்றது குரல். உதடுகள் அசையவில்லை. "போவோம்."

அவள் கைகளுக்கடியில் வயிறு ஒருமுறை புரண்டது. சட்டையின் பொத்தான்களுக்கிடையிலிருந்து, ஈரமான மண், மெல்ல மெல்ல, மடியில் உதிரத் தொடங்கியது.