பேட்டைக் கட்டிலிலிருந்து வந்தது

ஆடிப்பூரத் தேர் முடிந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் போன கூட்டமெல்லாம் ராஜபாளையத்துக்குத் திரும்பிய காலையில், பீர் முகமதும் துணி மூட்டையோடு மாட்டுவண்டியிலிருந்து இறங்கினான். நாலு நாள் தேர்க்கடையில் சேலை விற்றுவிட்டு வருகிற மனிதன். வேறு வீடாக இருந்தால் கால் கழுவத் தண்ணீரும் குடிக்க மோரும் வந்திருக்கும். இவன் வீட்டு வாசல் கதவு சாத்தியே கிடந்தது.

"கொல்லப் பக்கமா வாங்க" என்று உள்ளிருந்து அவன் மனைவி ஹாஜராவின் குரல் வந்தது.

அது அந்த வீட்டுச் சட்டம். வெளியூரில் படுத்து எழுந்தவன், படுத்த பாயோடும் உடுத்த துணியோடும் வாசற்படி தாண்டக் கூடாது. கொல்லையில் அண்டா கொதிக்கும். துணி வெந்நீருக்கு, பாய் துவைகல்லுக்கு, புருஷன் கிணற்றடிக்கு. எல்லாம் ஒரு வழியானால்தான் சோறு.

"மூட்டப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துற கதையால்ல இருக்கு" என்று பக்கத்து வீட்டு நூர்னிசா சிரிப்பாள். சிரிக்கட்டுமே! அவளா இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தாள்? இரண்டு தடவையும் புருஷன் பாயோடு மூட்டைப்பூச்சி வந்தது. பிள்ளை உடம்பெல்லாம் தடித்தது, பிறகு காய்ச்சல், பிறகு கபர்க்குழி. பூச்சிக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமே இல்லை என்றார் வைத்தியர். "அப்ப அந்தப் பாயில அவுக பிள்ளயப் படுக்க வைக்கட்டும்" என்றாள் ஹாஜரா. அதன் பிறகு வைத்தியர் அந்தத் தெருப்பக்கம் வரவில்லை.

இப்போது மூன்றாவது. அய்யூப், ஐந்து மாதம். உள்ளே சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான்.

பீர் முகமது சட்டையைக் கழற்றித் திரும்பியபோது, பிடரியில் மூன்று தடிப்புகளை அவள் பார்த்தாள். வரிசையாக, ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு.

"இது என்ன கடி?"

"பேட்டையில கால் வைக்க எடமில்ல ஹாஜரா. மூலை அறையில ஒரு கயித்துக்கட்டிலு மட்டும் சும்மா கெடந்துது. அதுல யாரும் படுக்க மாட்டாகன்னான் சோலைச்சாமி. நான் படுத்தேன்."

சோலைச்சாமி வண்டிப்பேட்டைக்காரன். வண்டி அவிழ்த்துப் போடுகிறவர்களுக்குப் படுக்க இடம் கொடுப்பவன்.

"பொறவு?"

அவன் குரல் தாழ்ந்தது. "வெளக்க அணைச்சதும் முதுகுக்குப் பின்னால ஒரு சத்தம். 'கொஞ்சம் ஒதுங்கு'ன்னு. தேர் பாக்க வந்த யாரோன்னு நெனச்சு ஒதுங்கிப் படுத்தேன். விடிஞ்சு பாத்தா ஒருத்தரும் இல்ல. நாலு ராத்திரியும் ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில கட்டில் சட்டத்துலதான் தொங்குனேன்."

பீர் முகமது அப்படிப்பட்ட ஆள்தான். முட்ட வருகிற மாட்டுக்கும் மரியாதையாக வழிவிடுவான்.

ஹாஜரா பாயைத் துவைகல்லில் விரித்தாள். வழக்கமாக வெயில் பட்டதும் கோரை இடுக்கிலிருந்து பூச்சிகள் ஓடிவரும். இன்று ஒன்றுகூட வரவில்லை. வாடைதான் வந்தது. மூட்டைப்பூச்சியை நசுக்கினால் வருமே, அழுகிய மல்லித்தழை வாடை. நூறு நசுக்கினாலும் அவ்வளவு வராது.

மேற்கு மலையிலிருந்து வந்த மேகம் வெயிலை மறைத்தது.

விரித்த பாயின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது.

ஆள் நீளத்துக்கு. ஒருக்களித்துப் படுத்தது போல.

பாய்க்குக் கீழே கருங்கல். கல்லில் பள்ளம் எப்படி விழும்? ஆனாலும் ஹாஜரா செம்பு நிறைய வெந்நீரை மொண்டாள். அவள் பிறந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. மண்ணில் வெந்நீர் ஊற்றுமுன் எச்சரிக்கை சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாததுகளும் பிள்ளைகுட்டியோடு அங்கே இருக்கும், வெந்துபோனால் பழிவாங்கும் என்பார்கள். சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி ஊறிப்போன வாய் தானாகச் சொன்னது.

"பிஸ்மில்லா. தெரியாம இருக்கவுகல்லாம் ஒதுங்கிக்கோங்க."

ஊற்றினாள். பள்ளம் நிமிர்ந்துகொண்டது. ஏதோ ஒன்று சில்லென்று அவள் கணுக்காலை உரசிக்கொண்டு போனது. ஆடிக் காற்று என்று நினைத்தாள்.

காற்று வீட்டுக்குள் போயிற்று.

உள்ளே தொட்டில் கயிறு முனகியது.

ஐந்து மாதப் பிள்ளையின் கனத்துக்கு அந்தக் கயிறு ஒருநாளும் முனகியதில்லை. செம்பைப் போட்டுவிட்டு ஓடினாள். தொட்டில் தரையைத் தொடுகிற மாதிரி தொங்கியது. பிள்ளை ஒரு ஓரமாக, சேலையோடு சேலையாக நசுங்கிக் கிடந்தான். அழக்கூட இல்லை. மீதி இடம் வெறுமையாக இருந்தது. அந்த வெறுமைதான் கனத்தது.

அள்ளி எடுத்தாள். தொடையில் இரண்டு தடிப்பு. மூன்றாவது அவள் கண்முன்னாலேயே சிவந்துகொண்டிருந்தது.

"வெளிய போ" என்றாள்.

தொட்டிலுக்குள்ளிருந்து மெல்ல வந்தது பதில்.

"நீதான ஒதுங்கச் சொன்ன."

ஆமாம், அவள்தான் சொன்னாள். அவன் நாலு ராத்திரி இடம் விட்டான், இவள் ஒரே வார்த்தையில் வீட்டையே விட்டுக்கொடுத்துவிட்டாள்.

"எங்கயும் படுக்க விடமாட்டேங்காக" என்றது அது. நெடுந்தூரம் நடந்து களைத்தவரின் குரல். "எனக்குப் போக்கெடம் இல்ல."

பொய் சொல்வானேன், ஒரு நொடி அவளுக்கு மனசு இளகியது. பிள்ளை அப்போதுதான் வீல் என்று கத்தினான். இளகினதெல்லாம் இறுகிவிட்டது.

"போக்கெடம் இல்லன்னா எம் பிள்ள ரத்தத்துலயா குடியிருப்ப? ரெண்டக் குடுத்தது போதும். இது எம் பிள்ள!"

பிள்ளையைப் புருஷன் கையில் திணித்தாள். வாசற்படியில் நின்றவன் பிள்ளையை மாரோடு சேர்த்துக்கொண்டான்.

"ஏட்டி, வேண்டாம். பழி வாங்கிரும். பள்ளிவாசல்ல போயி அசரத்தக் கூட்டியாரேன்."

"கூட்டியாங்க. அவுக வந்து ஓதட்டும். அதுக்குள்ள நான் அவிச்சு வச்சிருக்கேன்."

தொட்டில் சேலையின் இரண்டு தலைப்பையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். கயிற்றை அவிழ்த்ததும் மூட்டை பொத்தென்று விழுந்தது. ஆட்டுக்கல் கனம். இழுத்தாள். துணிக்குள்ளே ஆயிரம் சின்னக் கால்கள் ஊர்வது உள்ளங்கையில் தெரிந்தது. விடவில்லை. தூக்க முடியாத கனத்தை எப்படித் தூக்கினாள் என்று பிற்பாடு அவளுக்கே தெரியவில்லை.

அண்டாவின் விளிம்பில் அது கெஞ்சியது. "சொல்லிட்டுப் போடு... மொதல்ல சொன்னியே..."

"பிஸ்மில்லா" என்றாள் ஹாஜரா.

அவ்வளவுதான். ஒதுங்கச் சொல்லவில்லை.

மூட்டை உள்ளே விழுந்ததும் கொதி அடங்கியது. பெருமூச்சுப் போல நீண்ட ஒரு சத்தம் வந்தது. பிறகு தண்ணீர் தளதளவென்று பொங்கி, வாடை தெருவுக்கே அடித்தது. நூர்னிசா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னட்டி ஹாஜரா, இம்புட்டு மல்லித்தழையா அவிக்க?"

"விருந்தாளி வந்துருக்காக" என்றாள் ஹாஜரா. விறகைத் தள்ளினாள்.

அசரத் வந்து ஓதிவிட்டுப் போனார். சேலை வெந்து நைந்து வெளுத்துப்போனது. பேட்டையிலிருந்து வந்த பாய் அடுப்புக்குள் போயிற்று. பிள்ளையின் தடிப்புகள் சாயங்காலமே அமுங்கிவிட்டன. பீர் முகமது மூன்று தடவை குளித்தான், யாரும் சொல்லாமலே.

மறுநாள் மதியம். கொல்லையில் வெயில் கொளுத்தியது. வீட்டுக்குள்ளே புதுப் பாய் விரித்து, பிள்ளையைச் சுவரோரம் விட்டு, அவனுக்கு வேலியாக ஹாஜரா ஒருக்களித்துப் படுத்தாள். பால் குடித்த பிள்ளை தூங்கிவிட்டான். அவளுக்கும் கண் சொருகியது.

முதுகுக்குப் பின்னால் பாய் நெறுநெறுத்தது.

மல்லித்தழை வாடை.

"கொஞ்சம் ஒதுங்கு."

பிடரியில் சுருக்கென்று ஒரு கடி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒதுங்கினால் பிள்ளையைத்தான் நெருக்க வேண்டும். நெருக்கினால் அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கேட்கும்.

"கடி" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. "எங்கிட்டதான, கடிச்சுக்கோ. இந்தப் பக்கம் மட்டும் தாண்ட முடியாது. தெனமும் வெயில் வரும், தெனமும் அண்டா கொதிக்கும். நீயா நானான்னு பாத்துருவோம்."

மூன்றாவது கடியும் விழுந்தது.

"கொஞ்சம்..."

"மாட்டேன்."

பிள்ளையின் வயிற்றில் கையைப் போட்டுக்கொண்டு அப்படியே கிடந்தாள். ஒரு விரற்கடைகூட நகரவில்லை.