பேட்டரியிலிருந்து ஒரு சாண்

போன் அலறியது.

ரெஜி ஒரு காரின் டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்து, சப்வூஃபர் பெட்டிக்கு ஸ்க்ரூ முறுக்கிக்கொண்டிருந்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே செருகினான்.

"கார் ஆடியோ ரெஜியா? ஸ்டேஷன்லருந்து இன்ஸ்பெக்டர் வீரபாகு. பட்டுக்கடை கமலக்கண்ணன் காருக்கு செட் மாட்னது நீதான?"

"ஆமா சார். ஏன், சத்தம் ஓவரா வெக்கறாரா?"

"இனிமே வெக்க மாட்டாரு. கெளம்பி வா."

ஸ்க்ரூ டிரைவர் கையோடு வந்துவிட்டதைக்கூட ரெஜி ஸ்டேஷனில்தான் கவனித்தான்.

காலையில் களம்பூர் ரோட்டில் கார் எரிந்திருந்தது. சென்ட்ரல் லாக் இறுகிக் கதவு திறக்கவில்லை. பின்னால் வந்த நெல் லாரிக்காரர்கள் கண்ணாடியை உடைப்பதற்குள்... கமலக்கண்ணன் முடிந்துபோனார். கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய மனிதர், பாவம்!

கரிந்த கார் ஸ்டேஷன் வாசலில் நின்றது. ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற ஒயரில்தான் தீ பிடித்ததாம். மெக்கானிக் பார்த்துச் சொல்லிவிட்டாராம். அந்த ஒயரில் ஃபியூஸே இல்லையாம்.



"ஏசப்பா மேல சத்தியமா போட்டேன் சார். பேட்டரிலருந்து ஒரு சாணுக்குள்ள ஃபியூஸ் வெச்சிட்டுத்தான் ஒயரையே உள்ள வுடுவேன்."

"ஃபியூஸ் இருந்தா ஒயர் எரியுமா?"

"எரியாது சார். அதுக்கு முன்னாடி ஃபியூஸ் போயிடும்."

"அப்போ ஒயர் எப்படி எரிஞ்சுது?"

ரெஜி கரிந்த காரைத் திரும்பிப் பார்த்தான்.

"உன் அஜாக்கிரதையால ஒரு உயிரு போயிருக்கு. உள்ள போயிடுவ. ஃபியூஸ் இருந்தா காட்டு, வூட்டுக்குப் போ."

இவ்வளவுதான் கணக்கு. ஃபியூஸ் இருந்தால் வீடு. இல்லாவிட்டால் ஜெயில்!

ரெஜி காருக்குள் தலையை விட்டான். பேட்டரியிலிருந்து பின்னால் போகிற கனத்த ஒயர், டிரைவர் சீட் நகர்கிற தண்டவாளத்தில் சிக்கி நசுங்கியிருந்தது. சீட்டை யாரோ பலமாகத் தள்ளியிருக்கிறார்கள். அங்கேதான் ஷார்ட்! அந்த நிமிடமே ஃபியூஸ் போயிருக்க வேண்டுமே...

பானெட்டுக்குள் பார்த்தான். சரியாக ஒரு சாண் தூரத்தில் உருகிய பிளாஸ்டிக் கட்டி ஒன்று. அவன் வைத்த ஃபியூஸ் பெட்டி!

ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினான். கட்டி பிளந்தது.

உள்ளே ஃபியூஸ் இல்லை. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முனைகளையும் இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பிகள், பத்திருபது சுற்று. கரியைத் துடைத்தால் பளபளத்தது.

ஜரிகை!

பிழைத்தேன் என்று கத்த வாயைத் திறந்தான்.

திறந்த வாய் மூடிக்கொண்டது.

பட்டு நெய்கிற ஆரணியில் வீட்டு ஃபியூஸ் போனால் யாரும் கம்பி வாங்கக் கடைக்கு ஓடுவதில்லை. ஜரிகைக் கண்டில் ஒரு முழம் கிள்ளிச் சுற்றினால் விளக்கு எரியும். ஊரே வலப்பக்கமாகத்தான் முறுக்கும். இது இடப்பக்கம் முறுக்கி, முனையை மூன்றாக மடித்து உள்ளே செருகியிருந்தது. ரெஜியின் வீட்டு போர்டில் இருப்பதைப் போலவே!

ஸ்டெஃபி. அவன் மனைவி. இடக்கைக்காரி. நேற்று அவன் தேசூருக்குப் போயிருந்தபோது கடையைப் பார்த்துக்கொண்டவள்.

வீட்டில் அவள் சுற்றியதைப் பார்த்து அவன் எத்தனையோ முறை சிரித்திருக்கிறான். ஷார்ட் ஆனாலும் ஜரிகை அறுந்துபோகாது, ஒயர்தான் எரியும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. தலையில் அடித்துக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது.

"இன்னாடா, இருக்குதா?" வீரபாகு வெளியே வந்தார்.

ரெஜி ஜரிகையைப் பிய்த்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டான்.

"இல்ல சார். நான்... போடல. மறந்துட்டேன்."

வீரபாகு அவனை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு நேரம் ஏசப்பாவை எதற்குச் சாட்சிக்கு இழுத்தாய் என்று கேட்டார். பயத்தில் உளறியதாகச் சொன்னான் ரெஜி. கான்ஸ்டபிள் முருகேசன் வாக்குமூலம் எழுதினார். ரெஜி கையெழுத்துப் போட்டான். இனி ஆரணியில் எவனும் அவனை நம்பிக் காரை விட மாட்டான். போகட்டும்... அவள் வெளியே இருப்பாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. விஷயம் தெரிந்து ஸ்டெஃபி ஓடி வந்தாள்.

வாயைத் திறக்காதே என்று ரெஜி கண்ணைக் காட்டினான். புருஷன் பயந்துபோயிருக்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

"இவரு ஃபியூஸ் போட மறந்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாரும்மா" என்றார் முருகேசன்.

"யாரு, இவரா? பொய் சார். சாப்பாட்ட மறப்பாரு, ஃபியூஸ மறக்க மாட்டாரு."

"ஸ்டெஃபி, நீ வூட்டுக்குப் போ..."

"நீங்க சும்மா இருங்க. நேத்து ஃபியூஸ் போயிடுச்சுன்னு கமலக்கண்ணன் சாரே கடைக்கு வந்தாரு சார். கல்யாணத்துக்குப் போவணும், பாட்டு இல்லாம பேஜாரா கீதுன்னாரு. இவரு தேசூர்ல இருந்தாரு. நான்தான் ஜரிகை சுத்திக் குடுத்தேன். கெட்டி ஜரிகை சார். எங்க வூட்லயும் அதான் சுத்தியிருக்கேன். இன்னிவரைக்கும் ஒரு தபா போனதில்ல."



வீரபாகு ரெஜியின் மூடிய கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக விரித்தார். ஸ்டெஃபி அதற்குள் இருந்ததைப் பார்த்தாள். வெளியே கரிந்து நிற்கும் காரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

வீரபாகு பெருமூச்சு விட்டார்.

"முருகேசா, இன்னொரு பேப்பர் எடு. பொய் சொன்னதுக்கு அவரு, உண்மை சொன்னதுக்கு அந்தம்மா. ரெண்டு பேருமே உள்ளதான். அப்படியே ஜல்தியா ஒரு ஆள அனுப்பு... இவங்க வூட்டு மெயின ஆஃப் பண்ணிட்டு வரட்டும்."