கயிறில்லாத மணி

ஜாஸ்பர் வந்தபோது நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். இங்கிலாந்தில் அரசரும் பாராளுமன்றமும் அடித்துக்கொண்ட வருடம் அது. எங்கள் மதில் நகரம் பாராளுமன்றத்தின் கையில். என் தம்பியின் மனசோ அரசர் பக்கம்.

"அக்கா, நாளைக்கு அரசர் படை காட்டுக்குள்ள வந்து சேர்ந்ததும் எங்க ஆள் கோயில் மணியை அடிப்பான். முதல் அடியிலேயே வடக்கு வாசலைத் திறந்துடுவோம். அத்தான்கிட்ட மூச்சு விடாதே."

அந்தக் கோயிலில் மணியடிப்பவர் என் கணவர் ஆம்புரோஸ்தான். நான் மூச்சு விடவில்லை.

மறுநாள் நண்பகலில் கொல்லர் கிழவர் இறந்துபோனார். எங்கள் ஊரில் சாவு விழுந்தால் உடனே மணி ஒலிக்க வேண்டும். ஆணுக்கு ஒன்பது, பெண்ணுக்கு ஆறு, பிறகு வயசுக்கு ஒன்றாக. ஆம்புரோஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எனக்கு உறைக்கவே இல்லை. முதல் அடி கேட்ட பிறகுதான் மாவுக் கையோடு தெருவுக்கு ஓடினேன்.

ஜாஸ்பர் இரண்டாம் அடிக்குக் காத்திருக்கவில்லை. வாளோடு வாசலில் பாய்ந்து பிடிபட்டான். காட்டுக்குள் ஈ காக்கை இல்லை.

போருக்காக வாசல்களை அடைத்துக்கொண்ட ஊரில் கயிறு ஏது? மணிக்கயிற்றையே அவிழ்த்து வந்து அவனைத் தூக்கில் போட்டார்கள். கழுத்துக் கயிறோடு புதைத்தார்கள். துரோகிக்குச் சாவு மணி கிடையாது என்றார் ஊரைக் காத்த பாராளுமன்றத் தளபதி.

ஏழாம் நாள் மாலை, மூடுபனியில் மணி ஒலித்தது.

ஒன்பது. அப்புறம் இருபத்தாறு. அது என் தம்பியின் வயசு.

ஆம்புரோஸ் கஞ்சிக் கிண்ணத்தோடு என் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"காத்துடி."

"அம்மாம் பெரிய மணியைக் காத்தா ஆட்டும்?"

கோபுரத்துக்குப் போய்ப் பார்த்து வந்தார். யாருமில்லை, ஈர மண் வாசனைதான் வந்தது என்றார்.

மறுநாளும் ஒலித்தது. ஒன்பது. அப்புறம் நாற்பத்துநான்கு.

"எனக்கு நாப்பத்திமூணுதானே?" அவர் சிரிக்கப் பார்த்தார். "உன் தம்பி கணக்குல கோட்டை விட்டுட்டான்."

புனித மிக்கேல் திருநாளன்று அவருக்கு நாற்பத்துநான்கு. மூன்றே நாள் இருந்தது.

எங்களை ஊரை விட்டுப் போக விடுங்கள் என்று தளபதியின் காலில் விழுந்தேன். சதிக்குப் பிறகு எந்த வாசலும் யாருக்கும் திறக்காது என்று விரட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஆம்புரோஸிடம் சொல்லி அழுதேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா மணியைத் தொட்டிருக்க மாட்டேனே, தாமசின்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜாஸ்பரைப் புதைத்த இடத்துக்குப் போனேன். "என்னைக் கூட்டிட்டுப் போடா. தப்பு என்னுது. அவருக்கு ஒண்ணுமே தெரியாதுடா."

குழிமேடு உள்ளே அமுங்கிக் கிடந்தது.

திருநாள் காலையில் ஆம்புரோஸ் கோபுரத்திலிருந்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"பயந்து செத்தியே! எவனோ புண்ணியவான் கயிறு கட்டியிருக்கான். பழைய கயிறுதான், முனையெல்லாம் மண்ணு. தளபதி ஜெபத்துக்கு அடிக்கச் சொல்லிட்டாரு."

"போகாதீங்க." சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுடி, நேரமாச்சு."

விரல் விரலாக என் கையை விலக்கிவிட்டுப் போனார்.

ஜெப மணிக்கு மூன்றே அடி. வாசற்படியில் நின்று எண்ணினேன்.

மூன்று.

நான்கு.

ஒன்பதுக்குப் பிறகு கொஞ்சம் நின்றது.

பிறகு, ஒன்று.