சுவரைத் தாண்டிய ரோஜா

"இது ரோஜாவே இல்லை, வெறும் முள்ளு! கோட்டைச்சாமி, அரிவாளை எடுத்துட்டு வா. வேரோட வெட்டிரு" என்று தோட்டக்காரரிடம் சொன்னார் தேனம்மையைப் பெற்ற ஆத்தா.

தேனம்மை ஓடிவந்து கொடியின் முன்னால் நின்றாள். அப்பச்சி என்று அவள் அழைக்கும் அப்பா போன வருஷம் கொழும்பிலிருந்து கொண்டுவந்த கொடி அது. "சிவப்பாப் பூக்கும், தெருவே மணக்கும்" என்று சொல்லி நட்டுவிட்டு, அவர் திரும்பவும் கப்பலேறிவிட்டார். காரைக்குடி வெயிலில் கருகாமல், கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் தேனம்மைதான். கொடி உயரமான தோட்டத்துச் சுவரில் நேராக ஏறி, அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. இந்தப் பக்கம் ஒரு மொட்டுக்கூட இல்லை.

அப்போது காற்று வீசியது. சுவருக்கு மேலிருந்து ஒரு சிவப்பு இதழ் பறந்து வந்து விழுந்தது. எடுத்து முகர்ந்தாள். அப்படி ஒரு மணம்!

"கொஞ்சம் இருங்க ஆத்தா, இந்தா வந்துட்டேன்!"

பக்கத்துத் தச்சர் வீட்டுக்கு ஓடினாள். அவள் வயதுப் பெண் சொர்ணவல்லி கதவைத் திறந்தாள். உள்ளே, சுவர் முழுக்கச் சிவப்புப் பூக்கள்! அதன் கீழே கயிற்றுக் கட்டிலில் சொர்ணவல்லியின் அம்மா படுத்திருந்தார்.

"நாங்க ஒண்ணுகூடப் பறிக்கலை" என்றாள் சொர்ணவல்லி பயத்துடன். "அம்மாவுக்கு விடாத காய்ச்சல். இந்த வாசனைதான் பிடிச்சிருக்குன்னு கட்டிலை இங்குட்டுப் போட்டோம். ஆச்சி சத்தம் இங்க கேட்டுச்சு. கொடியை வெட்டிருவீகளா?"

"மாட்டோம்" என்ற தேனம்மை கொடியை உற்றுப் பார்த்தாள். இங்கே கிளைகள் ஆணியில் மாட்டிச் சாய்ந்து கிடந்தன.

"இதை யாரு சாய்ச்சுக் கட்டினது?"

"அப்பாதான். தலையில முள்ளு குத்துதுன்னு."

சாய்ந்த கிளையில் கணுவுக்குக் கணு பூ. தங்கள் பக்கம் நேராக நிற்கும் கிளையில் ஒன்றுமில்லை!

தேனம்மை திரும்பி ஓடினாள். கோட்டைச்சாமி அரிவாளை ஓங்கியிருந்தார்.

"வெட்டாதீக!" என்று கத்தியபடி இதழை ஆத்தாவின் கையில் வைத்தாள்.

ஆத்தா முகர்ந்தார். முகம் மலர்ந்தது. "அப்ப அங்குட்டுப் போனதை இங்குட்டு இழுத்துக் கட்டச் சொல்லு."

"வேணாம் ஆத்தா. அங்க சொர்ணவல்லி அம்மா காய்ச்சல்ல படுத்திருக்காக. அது அவுகளுக்கு இருக்கட்டும். நம்ம பக்கம் நான் பூக்க வைக்கிறேன்."

சொர்ணவல்லியும் உதவிக்கு வந்தாள். இருவரும் புதுக் கிளைகளை மெல்ல வளைத்து, வாழைநாரால் சுவரோரம் சாய்த்துக் கட்டினார்கள். முள் குத்தும்போதெல்லாம் "ஆ!" என்று கத்தினார்கள், பிறகு சிரித்தார்கள்.

சில வாரங்களில் இந்தப் பக்கமும் மொட்டு விட்டது. முதல் பூ விரிந்த காலையில், சொர்ணவல்லியின் அம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார்.

"ஆச்சி, உங்க பக்கமும் பூத்திருச்சாமே? பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார் ஆத்தாவிடம்.

ஆத்தா அந்தப் பூவைப் பறித்து, அவர் கொண்டையில் தன் கையாலேயே செருகிவிட்டார்.